தரை தொடாத சைக்கிள்

கராதாஸ் செப்புச் சுரங்கத்தில் மின்பணியாளராக இருந்த சகிந்தாய் தன் உயிரைக் காத்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லச் சொல்ல, அவருடைய சைக்கிள் ஆளுக்கு ஒரு சாண் வீதம் தரையை விட்டு உயர்ந்தது. முதல் சாண் உயர்ந்தது ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை. ரொட்டி விலை ஏறியதும் அதே வாரம்தான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சுரங்கம் சரிந்தபோது ஏழு பேர் இரவும் பகலும் தோண்டி அவரை உயிரோடு எடுத்தார்கள். அவர் மருத்துவமனையிலிருந்து வருவதற்குள் சுரங்கம் மூடப்பட்டு, ஏழு பேரும் பாலைவனத்தின் தங்க, யுரேனியச் சுரங்கக் குடியிருப்புகளுக்குப் பிழைக்கப் போயிருந்தார்கள். பஸ் போகாத ஊர்கள். ஊரிலேயே வேறு வேலை பார்த்து ஓய்வு பெற்ற மறுநாள் சகிந்தாய் தண்ணீர்க் கேன்களையும் கூடாரத்தையும் ஒரு பை நிறைய பவுர்சாக் பணியாரத்தையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் நன்றிக்குப் பிறகு முள் குத்திப் பஞ்சராவது நின்றது. மிதித்தால் ஓடியது, பிரேக் பிடித்தால் நின்றது. லாரிக்காரர்கள் வழக்கம்போல ஹாரன் அடித்து அவரை ஒதுங்கச் சொன்னார்கள். ஒரு டீக்கடைக்காரி மட்டும், "இறங்கி வந்து குடிங்கண்ணே, அண்ணாந்து அண்ணாந்து எனக்குக் கழுத்து போயிடுச்சு" என்றாள்.

ஆறு பேரைப் பார்த்தாயிற்று. ஏழாவது ஆளான தூலெகென் வீட்டுப் பாதையில் இரண்டு முறை போய்த் திரும்பினார். சுரங்கம் சரிந்த அன்று தூலெகெனின் தம்பி மெயிர் செத்துப்போயிருந்தான். மூன்றாம் முறைதான் வாசல்வரை போனார்.

"கீழ இறங்கு," என்றார் தூலெகென். "தட்டுற சத்தம் உன் பக்கம் கேட்டுச்சு. அங்க தோண்டுங்கடான்னு சொன்னவன் நான். என் தம்பி அந்தப் பக்கம் கிடந்தான். உன் நன்றிய நான் எங்கடா வெச்சுக்கறது?"

சகிந்தாய் குதித்து இறங்கினார். முட்டி வலித்தது.

"தட்டினது நான் இல்ல. என் ரெண்டு கையும் பாறைக்கு அடியில இருந்துச்சு. காத்துக்குழாய்ல தட்டினது மெயிர். குழாய் வழியாவே எங்கிட்டப் பேசினான். 'எனக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்லண்ணே, நான் தேற மாட்டேன். குழாய் உங்க பக்கம் உடைஞ்சிருக்கு, சத்தம் அங்கதான் வெளிய போகும். தட்டிக்கிட்டே இருக்கேன்'னான். நீங்க என் பக்கம் ஓட்டை போடற வரைக்கும் தட்டினான்."

"இத்தனை வருஷம் ஏன்டா சொல்லல?"

"உன் மூஞ்சியப் பாக்கத் தைரியம் வரல."

தூலெகென் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு, "பயந்தானா?" என்று கேட்டார். "மொதல்ல பயந்தான். அப்புறம் பாட ஆரம்பிச்சுட்டான். சகிக்கல." தூலெகெனுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "அவனுக்கு எந்தக் காலத்துல சுருதி சேர்ந்துச்சு?" என்று சகிந்தாயின் கையைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் ஏழாவது சாண் உயர்ந்தது.

மறுநாள் காலையில் தூலெகென் பின்னால் ஏறிக்கொண்டார். இரண்டு பேர் கனத்துக்கும் சைக்கிள் தாழவில்லை. ஒன்பது நாளில் கராதாஸ் போய்ச் சேர்ந்து, மெயிரின் கல்லறை முன்னால் நின்று இருவரும் நன்றி சொன்னார்கள். திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டில் போய் ஏணி கேட்டார்கள். எத்தனை படி உள்ளது வேண்டும் என்று மட்டும்தான் அந்த வீட்டம்மாள் கேட்டாள்.