முகம் தெரிகிற வகுப்பு

தொழிலாளர் நலத்தில் முதுகலை படிக்க இரண்டு கல்லூரிகள் அவளுக்கு இடம் கொடுத்துவிட்டன. நாற்பது தாண்டியவளுக்கு ஒன்று கிடைப்பதே பெரிய பாடு என்று நினைத்திருந்தாள். இப்போது எதில் சேருவது என்பது தலைவலி. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

நூற்பாலையில் அவளுக்குப் பெயர் ‘பாபின்’. நூல் சுற்றும் கட்டையைப் போல ஓரிடத்தில் நிற்காமல் சுழல்கிறவள் என்று ஒட்டிய பெயர். அஞ்சல் வழியில் அவள் பட்டம் வாங்கியதே அங்குள்ள பெண்கள் புண்ணியத்தில்தான். பரீட்சை வந்தால் யாராவது ஒருத்தி அவள் மெஷினையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். ஒருத்தியும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அப்படி உதவுவதில் முதல் ஆள், அதே ஆலையில் வேலை பார்க்கும் அவள் நாத்தனார்.

“பெரிய காலேஜுக்கே போங்க அண்ணி,” என்றாள் நாத்தனார். “பேரைச் சொன்னாலே எந்திரிச்சு நாற்காலி போடுவான். அந்தச் சாயங்காலக் காலேஜு டயர் கடைக்கு மேல இருக்கு. படிக்கப் போறீங்களா, பஞ்சர் ஒட்டப் போறீங்களான்னு கேப்பாங்க.”

பெரிய கல்லூரியில் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்க விட்டார்கள். விளக்கை அணைத்துத் திரையில் படம் காட்டினார்கள். பேராசிரியர் திரையைப் பார்த்தே பேசினார். பாபினுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முதுகு. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

மெஷின் இரைச்சல் அவள் வலது காதை முழுசாகவும் இடது காதைப் பாதியாகவும் தின்றிருந்தது. ஆலைக்குள் அது குறையே இல்லை. அங்கே காதுள்ளவளுக்கும் எதுவும் கேட்காது; எல்லோரும் வாயசைவைப் படிப்பார்கள், மீதியைக் கையால் பேசுவார்கள். தெரிந்தால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று அவள் வெளியே மூச்சு விட்டதில்லை.

“வகுப்பு எப்படி?” என்று நாத்தனார் கேட்டபோதும், “நல்லா இருந்துச்சு,” என்றாள்.

மறுநாள் டயர் கடை மாடி. துணைக்கு வந்த நாத்தனாரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். குள்ளமான ஒரு வாத்தியார் மூச்சுவிடாமல் பேசினார். முகம் தெரிந்தது, ஆனால் வாய் ஓடிய ஓட்டத்துக்குக் கண் ஓடவில்லை. பாபினின் கை தானாக எழுந்தது. உள்ளங்கை கீழே பார்க்க, காற்றை இரண்டு தரம் அழுத்தினாள்.

வாத்தியார் பேச்சை நிறுத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வகுப்பு சிரித்தது. “உட்காரச் சொன்னீங்களேம்மா,” என்றார் அவர்.

பாபினுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்தாள். “உட்காரச் சொல்லல சார். மில்லுல ‘வேகத்தைக் குறை’ன்னா அப்படித்தான் காட்டுவோம். எனக்குக் காது கம்மி. வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிறேன்.”

சொல்லிவிட்டாள். கூரை ஒன்றும் இடியவில்லை.

“அப்ப இனிமே போர்டுல எழுதறப்ப வாயை மூடிக்கிறேன்,” என்றார் வாத்தியார். “எங்க வீட்டம்மாவாலயே செய்ய வைக்க முடியாத காரியம்.”

அதன்பின் அவர் வாய் நிதானத்துக்கு வந்தது. பின்னால் இருந்த காவலாளி ஒருவர், சீருடையோடு வந்தவர், சந்தேகம் கேட்க வேண்டி வந்தபோது முன்னால் நடந்து வந்து, பாபினுக்கு முகம் தெரிய நின்று கேட்டார். எதில் சேருவது என்று அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

படியிறங்கும்போது நாத்தனார் சொன்னாள்: “என்னமோ புதுசா சொல்ற மாதிரி சொன்னீங்களே அண்ணி, காது சமாச்சாரத்தை.”

“உனக்குத் தெரியுமா?”

“ஷெட்டுல பாதிப் பேருக்குத் தெரியும். மேஸ்திரி உங்க வலது பக்கமா வந்து கூப்பிட்டா, நாங்கதான ஓடி வந்து உங்களைத் தொட்டுத் திருப்புவோம்.”

பாபின் யோசித்துப் பார்த்தாள். எத்தனை கை, எத்தனை வருஷம். ஏதோ விளையாட்டுக்கு இடித்துவிட்டுப் போகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி.”

“சொன்னா மட்டும் கேட்டிருக்குமாக்கும்.”

பாபின் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு தன் போனை எடுத்து நீட்டினாள்.

“பெரிய காலேஜுக்கு வரலன்னு நீயே பேசிச் சொல்லிடு. போன்ல எனக்கு ஒரு எழவும் கேக்காது.”

நாத்தனார் தொண்டையைச் செருமி, படித்தவள் குரலை வரவழைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். பாபின் எதிரில் நின்று, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.