நாலு மணி ஐஸ்கிரீம்

“இதெல்லாம் துன்னு பாத்துகீறியா பாப்பா நீ?”

இஃபத் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஐஸ்கிரீம் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எல்லம்மா கேட்டாள். பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்ட பெண்ணிடம் மற்றவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: ஏன் நின்னுட்டே? ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட அதைத்தான் கேட்டார்கள். எழுந்து நின்று ஒரு பத்தி வாய்விட்டுப் படி என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்பதை எப்படிச் சொல்வது? எல்லம்மாவின் கேள்விக்குத் தலையை ஆட்டினால் போதும். இல்லை என்று ஆட்டினாள்.

“நானும் துன்னதில்ல. அப்போ ரெண்டு பேரும் ஒரே கட்சி. தள்ளி நில்லு, தண்ணி கீது.”

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்கு எதிரே இருந்த அந்த சூப்பர் மார்க்கெட் இப்போது இல்லை. அங்கே செல்போன் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இஃபத்தின் மூக்குக்கு முதலில் வருவது வெண்ணிலா வாசனை. அதற்குப் பிறகுதான் பினாயில்.

ஐஸ்கிரீம் பெட்டிதான் அவள் பொறுப்பு. மே மாத வெயிலில் பாரிவாக்கத்திலிருந்து வந்து இறங்கி, கண்ணாடி மூடியைத் தள்ளியதும் முகத்தில் வந்து மோதும் வெள்ளைப் புகைக்காகவே இன்னொரு முறை பிறக்கலாம். கப்புகள், கோன்கள், குச்சி ஐஸ்கள், குடும்பத்துக்கான பெரிய டப்பாக்கள் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு ஓரமாக நின்றால் பொழுது போவதே தெரியாது. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கும் ஒருவர் தினமும் வருவார். சாக்லேட் கோனை எடுப்பார், வைப்பார், எண்ணெய் வரிசை வரை போவார், குற்றவாளி மாதிரி திரும்பி வருவார். “மனுசன் மாமியாரூட்டுக்குப் போறாப்புல தயங்குறான் பாரு” என்பாள் எல்லம்மா.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. நசுங்கியது, உருகி மறுபடி உறைந்தது எல்லாம் டேமேஜ். கம்பெனி வண்டிக்காரர் அதன் மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு டப்பா கொடுத்துவிடுவார். உள்ளே இருப்பது வேலை செய்பவர்களுக்கு. கூட்டம் ஓய்ந்த நாலு மணிக்கு, பின்கட்டில் அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்து இருவரும் அதைத் தின்பார்கள். எல்லம்மா பன்னைப் பிய்த்து நடுவில் வெண்ணிலாவை அடைப்பாள். பன்னில் ஊறி, கையில் வழிந்து, முழங்கை வரை ஓடும். அதையும் விடமாட்டாள்.

“பல்லு போனதுக்கப்புறம்தான் எனுக்கு இது கெடைக்கணும்னு கீது. ஆனா இதுக்குப் பல்லு இன்னாத்துக்கு?”

இஃபத் வேறு எங்கும் அப்படிச் சிரித்ததில்லை. சிரிப்போடு பேச்சும் வந்தது. எல்லம்மாவிடம் மட்டும்.

டேமேஜே ஆகாத ஒன்றும் இருந்தது. அத்திப்பழமும் பாதாமும் போட்டது. கறுப்பு டப்பா, தங்க நிற எழுத்து. விலையைப் பார்த்தே ஆட்கள் கையை எடுத்துவிடுவார்கள். அதன் மேல் இருந்த படத்தை எல்லம்மா துணியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள்.

“அம்பத்தாறு வயசாவுது. அத்திப்பழம் எப்டி இருக்கும்னுகூட தெரியாது. அதுல ஐஸ்கிரீம் வேற.”

அன்று மாதத்தின் முதல் சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு எல்லம்மா கண்ணாடியைத் துடைத்து மூடிவிட்டுப் போனாள். இஃபத் சுற்றிலும் பார்த்தாள். அடியிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்து மேலே ஓரத்தில் வைத்தாள். பெட்டியின் கண்ணாடி மூடியை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து விட்டாள். அரை மணி நேரம் போதும். மேலே இருப்பது மட்டும் இளகும், பிறகு மூடிவிடலாம். எல்லம்மாவுக்காகத்தான் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். அது பாதி நிஜம். மீதிப் பாதிக்கு அவளுடைய நாக்கு ஊறிக்கொண்டிருந்தது.

வாளியோடு திரும்பி வந்த எல்லம்மா இடைவெளியைப் பார்த்தாள்.

“இன்னா பாப்பா, தொறந்து கீது?”

“இருக்கட்டும்க்கா. நாலு மணிக்கு உனக்கு ஒண்ணு இருக்கு.”

“திருட்டுக் கழுத” என்று சிரித்துக்கொண்டே எல்லம்மா மாடி துடைக்கப் போனாள்.

அப்போதுதான் முதலாளி அமல்ராஜ் கூப்பிட்டார். சம்பளம் வாங்கிய கூட்டம் மொத்தமும் அன்று வந்துவிட்டது. பில் போடும் இடத்தில் பை நிரப்ப ஆள் இல்லை. இஃபத் நின்றவள் நின்றவள்தான். பருப்பு, சோப்பு, எண்ணெய், மறுபடி பருப்பு. மூடியின் ஞாபகம் வந்தபோது மணி ஐந்தரை.

ஐஸ்கிரீம் பெட்டியில் சத்தமே இல்லை. திறந்து கிடந்த பெட்டியைக் குளிர வைக்கப் பார்த்து மோட்டார் சூடேறி நின்றுபோயிருந்தது. கோன்கள் நனைந்த காகிதமாகக் கிடந்தன. இளஞ்சிவப்பும் பச்சையும் காபி நிறமும் கலந்து அடியில் குளமாக நின்றன.

அமல்ராஜ் எல்லோரையும் கூப்பிட்டார்.

“மூடியத் தொறந்து வச்சது யாரு?”

அவர் பார்வை ஒவ்வொருவராக நகர்ந்து எல்லம்மாவிடம் வந்து நின்றது.

“எல்லம்மா, கண்ணாடி தொடச்சது நீதானே?”

“தொடச்சேன்ணா. மூடிட்டுதான் போனேன்.”

“அப்போ அதுவா தொறந்துகிச்சா? இது எல்லாத்தையும் டேமேஜ்னு சொன்னா கம்பெனிக்காரன் ஒத்துப்பானா?”

எல்லம்மா இஃபத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பிள்ளை பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பவள் பார்க்கிற பார்வை அது. நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வேலை போகும். மறுபடி வீடு, மறுபடி அதே கேள்வி. ஆனால் அதையெல்லாம் அவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. அத்தனை பேரும் பார்க்க, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். அவள் தரையைப் பார்த்தாள்.

“வயசாயிடுச்சு, கவனம் இல்ல” என்றார் அமல்ராஜ். “நாளைலேர்ந்து வர வேணாம்.”

எல்லம்மா இன்னும் கொஞ்ச நேரம் இஃபத்தையே பார்த்தாள். அப்புறம் கடை கொடுத்த நீலக் கோட்டைக் கழற்றி, நாலாக மடித்து, பெட்டியின் மேல் வைத்தாள். பின்கட்டுக்குப் போய்த் தன் ஒயர் கூடையை எடுத்து வந்தாள்.

வாசலில் இஃபத் அவளை மறித்துக்கொண்டு நின்றாள். “அக்கா” என்றாள். அது மட்டும் வந்தது.

எல்லம்மா அவளைச் சுற்றிக்கொண்டு படி இறங்கினாள். செருப்பை மாட்டினாள். குத்தம்பாக்கம் பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போய்விட்டாள்.