ஆறில் நின்ற எண்

துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் லாரிகளுக்காக ஒரு ஆப் செய்திருந்தாள் ஈவாஞ்சலின். ஊர் நாசரேத், தூத்துக்குடியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. கன்டெய்னர்களை இறக்கும் துறைமுக யார்டில் லாரிகள் இடம் கிடைத்த பக்கம் நிற்கும். வரிசையில் யார் முன், யார் பின் என்பது கண்ணுக்குத் தெரியாது. யார்டின் சர்வரிலிருந்து ஆப் எண்ணை எடுத்து, "உங்களுக்கு முன் இத்தனை வண்டிகள்" என்று காட்டும்.

சர்வர் பதில் தராவிட்டால் "தகவல் கிடைக்கவில்லை" என்று சிவப்பில் வரும்படி முதலில் எழுதியிருந்தாள். மேலாளர் ஜாய்சனுக்கு அது பிடிக்கவில்லை.

"டிரைவருங்க பயந்துருவாங்க. கடைசியா வந்த நம்பரையே காட்டிக்கிட்டு இருக்கட்டும். அடுத்த தடவை டேட்டா வரும்போது தன்னால மாறிக்கும்."

மாற்றிக் கொடுத்தாள். எப்போது வந்த எண் என்று கீழே நேரம் போடலாமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டாள்.

மாரிச்செல்வம் என்ற டிரைவர் அன்று காலையில் லாகின் ஆகவில்லை என்று உதவி எண்ணுக்குப் பேசியிருந்தார். அவர் வண்டி எண்ணைத் தன் போனிலும் போட்டுச் சரிசெய்து கொடுத்தாள். மதியத்துக்குச் சற்று முன் மறுபடி அழைத்தார்.

"ஏம்மா, முன்னால ஆறு வண்டின்னு காட்டுது. ரொம்ப நேரமா அப்படியே நிக்கு. நெசந்தானா? ஏரல்ல எங்கப்பாவுக்கு மூச்சுத் திணறுதாம். என்னய வரச்சொல்லுதாராம். வரிசை நீளம்னா வண்டிய பூட்டிட்டு பஸ்ல போயிட்டு வந்துருவேன்."

அவள் தன் போனைப் பார்த்தாள். அதிலும் ஆறு.

"ஆறுதான் அண்ணாச்சி. எனக்கும் அதேதான் காட்டுது. இப்போ கூப்பிட்டுருவாங்க."

"அப்போ சரக்க இறக்கிட்டே போயிருதேன். இப்போ போனா முறை போயிரும்."

யார்டில் இரண்டு கிரேன்களில் ஒன்று பழுதாகி நின்றிருந்தது. மீன் ஏற்றிய கன்டெய்னர்கள் கெட்டுப்போகும் என்று அவற்றை முன்னால் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் சர்வரும் விழுந்திருந்தது. இரண்டு போன்களும் பழைய ஆறையே பிடித்துக்கொண்டிருந்தன. சாயங்காலம் சர்வர் எழுந்ததும் எண் தொண்ணூற்றுச் சொச்சத்துக்குத் தாவியது.

அதைப் பார்த்ததும் ஈவாஞ்சலின் உடனே மாரிச்செல்வத்தை அழைத்தாள். எடுத்தது அவர் தங்கை பேச்சித்தாய்.

"அப்பா போயிட்டாவ. சேதி கேட்டு வண்டிய அங்கேயே போட்டுட்டு அண்ணன் இப்பதான் வந்து சேந்தான். நீங்க யாரு?"

"ஆபீஸ்ல இருந்து" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"சர்வர் விழுந்ததுக்கு நாம என்ன செய்ய முடியும்?" என்றார் ஜாய்சன். அவள் சிவப்பு வரியைத் திரும்பக் கொண்டுவந்தாள். எண்ணுக்குக் கீழே நேரத்தையும் போட்டாள். அவர் தடுக்கவில்லை. அவளுக்கு அது போதவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஏரலுக்கு பஸ் ஏறினாள்.

பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. மாரிச்செல்வம் மொட்டையடித்திருந்தார். குரலைக் கேட்டதும் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"தங்கச்சி கல்யாணத்துல வந்த சண்டை. ரெண்டு வருஷமா அப்பா எங்கிட்ட பேசல. அன்னைக்குத்தான் அவரே கூப்பிட்டுருக்காரு. வந்துட்டானா, வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாராம்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அது பழைய எண் என்பதை, சிவப்பு வரியை எடுத்ததை, யார்டுக்கு ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம் என்பதை.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அப்போ உனக்கே தெரியாமத்தான் ஆறுன்னு சொன்னியாம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் கெளம்பிருப்பேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பேச்சித்தாய் கொண்டுவந்த காப்பியை அவள் கையில் வாங்கினாள், குடிக்க முடியவில்லை. "கடைசி பஸ்ஸுக்கு முன்னால போயிரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அடுத்த மாதம் அவர் வண்டி எண் மறுபடி யார்டில் பதிவானது. உதவி எண்ணுக்கு அவர் அழைக்கவில்லை. அலுவலகத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் இன்னும் அவள்தான் முதலில் எடுக்கிறாள்.