பணியாளரைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி

திருச்சி தஞ்சாவூர் ரோட்டில் திருவெறும்பூரைத் தாண்டி இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில், மெக்கானிக்கல் மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்கு மனிதவள மேலாண்மை என்றொரு விருப்பப் பாடம் உண்டு. கணக்கு கிடையாது, வரைபடம் கிடையாது, முந்தின நாள் புரட்டினால் பாஸ் என்று சீனியர்கள் சொன்னதை நம்பி, அறுபது பேரும் அதையே எடுத்திருந்தார்கள். ஆறு வருஷமாக அதை நடத்துகிறவள் சுபலட்சுமி. அதில் மூன்றாவது யூனிட்டுக்குப் பெயர் பணியாளர்களைத் தக்கவைத்தல். நல்ல சம்பளம், மரியாதை, மேலே வர ஒரு வழி, இவை இருந்தால் ஆள் போகமாட்டான் என்று புத்தகம் பதினாறு பக்கத்துக்கு நீட்டி முழக்குகிறது.

அவளுடைய கல்லூரி நிர்வாகத்துக்குப் பதினாறு பக்கம் தேவைப்படவில்லை. ஒரு இரும்பு லாக்கர் போதுமானதாக இருந்தது. வேலைக்குச் சேருகிற அன்றைக்கே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பட்டச் சான்றிதழ் வரை எல்லா ஒரிஜினலையும் ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். ரசீது கேட்டால் எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்று மனம் நொந்துபோவார்கள். ஒரிஜினல் இல்லாமல் வேறு எங்கேயும் வேலைக்குச் சேர முடியாது. அதனால் நாற்பத்தாறு ஆசிரியர்களும் அந்தக் கல்லூரியை விட்டுப் பிரிய மனமில்லாமல் வருஷக்கணக்காக இருந்தார்கள்.

சுபலட்சுமிக்கு மட்டும் புத்தி கெட்டுப்போய், பரீட்சை எழுதி, தொழிலாளர் துறையில் உதவி ஆய்வாளர் வேலைக்குத் தேறிவிட்டாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் போய் நின்றால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரே ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்று மூன்று முறை முதல்வர் அறையில் போய்க் கேட்டாள். அவர் ஒவ்வொரு முறையும் அவளை உட்காரவைத்து, டீ வரவழைத்து, செமஸ்டர் முடியட்டும் பார்க்கலாம் என்றார். செமஸ்டர் முடிய இன்னும் இரண்டு மாசம் இருந்தது. டீயைக் குறை சொல்ல முடியாது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகக் குழுவின் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. ஆசிரியர்கள் தங்கள் ஒரிஜினலைத் தாங்களே கையில் வைத்துக்கொண்டு குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே வருஷத்துக்கு ஒரு நாள் லாக்கர் திறக்கும். ஆபீஸ் சூப்பரின்டெண்ட் ரெங்கராஜ் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு ஃபைல் கொடுப்பார். குழுவின் கார் கிளம்பியதும் திரும்ப வாங்கி எண்ணி உள்ளே வைப்பார். அதுவரைக்கும் ஆசிரியர் யாரையும் வெளியே விடக்கூடாது என்று கேட்டில் வாட்ச்மேனுக்கு உத்தரவு. சுபலட்சுமி தன் ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஜெயிலில் இருக்கிற சொந்தக்காரரைப் பார்க்கப் போன மாதிரி இருந்தது.

அன்று காலை முதல்வர் இன்னொரு காரியமும் செய்தார். இக்கல்லூரி எந்த ஆசிரியரின் அசல் சான்றிதழையும் தன் வசம் வைத்திருக்கவில்லை என்று உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் குழுத் தலைவரிடம் கொடுத்தார். அதை டைப் அடித்தவர் ரெங்கராஜ்தான். லாக்கர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்திருந்தார்.

மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லி சுபலட்சுமியை அனுப்பினார்கள். குழுத் தலைவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். அவரும் வேறொரு ஊரில் ஒரு கல்லூரிக்கு முதல்வர். அவள் மூன்றாவது யூனிட்டை நடத்தினாள், நன்றாகவே நடத்தினாள். முடிந்ததும் அவர் எழுந்து, பணியாளரைத் தக்கவைக்க நடைமுறையில் இருக்கும் வழி ஒன்று சொல்லுங்கள் என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார். முன் பெஞ்சில் இருந்த பிரவீன்ராஜ் எழுந்தான். கவனித்துக் கேட்கிற ஒரே பையன் என்று அவள் பெருமைப்படுகிற பையன்.

"ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி லாக்கர்ல வெச்சுக்கிறது சார்," என்றான்.

வாசலில் நின்ற முதல்வரின் முகம் வெளுத்தது. இதோ கேட்கப் போகிறார், யாருடைய சான்றிதழ், எந்த லாக்கர் என்று கேட்கப் போகிறார் என்று சுபலட்சுமி இரண்டு நொடி முழுசாக நம்பினாள்.

குழுத் தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க காலேஜ்லயும் அதே மெத்தட்தான் தம்பி," என்றார்.

முதல்வரும் சிரித்தார். பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று அறுபது பிள்ளைகளும் சிரித்தார்கள்.

திருச்சிக் கல்லூரிகளுக்கு மற்ற ஊர்க் கல்லூரிகளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. எந்தக் குழு வந்தாலும் ஒரு கண் கடிகாரத்தின் மேலேயே இருக்கும், மதியம் நடை சாத்துவதற்குள் ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட வேண்டுமே என்று. நூலகம் நாலு நிமிஷம், லேப் ஆறு நிமிஷம் என்று ஆய்வு பறந்தது. சுபலட்சுமி வகுப்பில் இருந்ததால் அவள் ஃபைலைப் பார்ப்பது மட்டும் பாக்கி. வண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் தலைவர். முதல்வரும் தலையாட்டினார். அவள் ஸ்ரீரங்கத்துக்காரி, கோயிலுக்குள் கூட்டிப் போக ஒரு ஆள் வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தார். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு பிடித்தவர்கள் எல்லோருக்கும் கருவறை வரை செல்வாக்கு உண்டு என்பது அவர் எண்ணம். அவள் இதுநாள்வரை தர்ம தரிசன வரிசையில்தான் நின்றிருக்கிறாள்.

காவலுக்கு ரெங்கராஜ் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். கல்லூரிக் கார் என்பதால் வாட்ச்மேன் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிட்டார். காவிரிப் பாலம் வருவதற்குள் தலைவர் ஃபைலைத் திறக்காமலேயே படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். உடனே முன் சீட்டிலிருந்து ஒரு கை பின்னால் வந்தது. கோயிலில் எதற்கு சுமை, இப்படிக் கொடுங்கள் என்றார் ரெங்கராஜ். பரவாயில்லை சார், கனக்கவில்லை என்றாள். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பிப் போனது.

கோயிலில் ரெங்கா ரெங்கா கோபுரத்தின் முன்னால் எல்லோரும் செருப்பைக் காரிலேயே விட்டு இறங்கினார்கள். சுபலட்சுமி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலைவரின் முன்னால் போய் நின்றாள்.

"நான் வீட்டுக்குப் போறேன் சார். அம்மா மண்டபம் ரோடுதான், பக்கம். ரெங்கராஜ் சார் உள்ள கூட்டிட்டுப் போவாங்க."

"ஃபைலைக் கொடுத்துட்டுப் போங்கம்மா," என்றார் ரெங்கராஜ் அவசரமாக.

"எதுக்கு சார்? காலேஜ் யாரோட ஒரிஜினலையும் வெச்சுக்கிறது இல்லன்னு காலைலதானே முதல்வர் கையெழுத்துப் போட்டு சார்கிட்ட கொடுத்தாரு?"

தலைவர் ரெங்கராஜைப் பார்த்தார். அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டவர் தலைவர். தெருவில் வைத்து அது பொய் என்று ஒருவன் சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியவரும் அவர்தான். தவிர, நடை சாத்த இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது.

"அவங்க சர்டிபிகேட்தானே சார் அது?" என்று கேட்டார்.

ரெங்கராஜ் ஃபைலைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார். பெருமாள் உதவிக்கு வருகிற மாதிரித் தெரியவில்லை.

"அவங்களோடதுதாங்க சார்," என்றார் மெதுவாக. "போயிட்டு வாங்கம்மா."

அவள் திரும்பி நடந்தாள். அனுபவச் சான்றிதழ் இனிக் கிடைக்காது, ஆறு வருஷமும் கணக்கில் வராது. இனி வரவேண்டிய நாலாவது யூனிட்டை யார் நடத்துவார்களோ, பிரவீன்ராஜிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். ராஜகோபுரத்தைத் தாண்டும்போது கைப்பையில் போன் அடிக்க ஆரம்பித்தது, முதல்வர்தான். எடுக்கவில்லை. உச்சி வெயிலில் தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டது. அப்போதுதான் செருப்பு காலேஜ் காரிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. வேண்டுமானால் அதை லாக்கரில் வைத்துக்கொள்ளட்டும் என்று நடையைக் கூட்டினாள்.