அழாத பிள்ளை

நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதில் எனக்குப் பதினோரு வருட அனுபவம். பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை என்று நியமன உத்தரவு சொல்கிறது. அதற்கு வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தாலே பெரிய விஷயம். மற்ற நாட்களில் ‘பயன்பெறுவோர் எண்ணிக்கை’, ‘எதிர்பார்க்கும் விளைவு’ என்று கட்டங்களை நிரப்பிக்கொண்டிருப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விளைவைச் சதவீதத்தில் சொல்வேன்.

எங்கள் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எக்ஸ்ரே அறையைத் தாண்டி இருக்கிறது. வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளை எப்படிப் பரிசோதிப்பது என்று வெளியூர் நர்ஸ்களுக்கு இங்கே ஆறு வாரம் கற்றுக்கொடுக்கிறோம். செலவு ஓர் அறக்கட்டளையுடையது. அந்த நிதி இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கலாமா என்று பார்க்க அன்று காலை ஓர் அதிகாரி வந்திருந்தார். அவர் வேண்டாம் என்று எழுதினால் பயிற்சிக்கு மூடுவிழாதான். வெளியூர்களில் இந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஆளே கிடையாது. ‘வளர வளரச் சரியாகிடும்’ என்று தைரியம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தத் தைரியத்தை நம்பி, காலம் கடந்து வந்து நிற்கிற அம்மாக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போய்விட்டது. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு விண்ணப்பம் எழுதுகிறேன்.

நர்ஸ்கள் பரிசோதித்துப் பழக ஒரு பிள்ளை வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியே இரண்டுபடும்படி அழும். மேனேஜர் மட்டும் அழமாட்டாள். அவளுக்கு ஏழு வயது. பேச்சு இல்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரை ‘ம், என்ன விஷயம்?’ என்பதுபோலப் பார்ப்பாள். அதனால் வந்த பெயர். வீடும் பக்கம், அம்மாவும் கூப்பிட்டால் வந்துவிடுவாள். நாலு வருடமாக ஒவ்வொரு குழுவுக்கும் மேனேஜர்தான்.

அன்று அதிகாரிக்கு முன்னால் பரிசோதிக்க வேண்டியவள் ஒரு புது நர்ஸ். பரிசோதனைப் பெட்டியைத் திறந்தவளுக்குப் பயத்தில் பேச்சே வரவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் மொத்தமும் மறந்துவிட்டன என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் மனதுக்குள் மூன்று வருட நிதிக்கு முழுக்குப் போட்டேன்.

மேனேஜர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தானே பெட்டிக்குள் கையை விட்டாள். சிவப்புக் கட்டைகளை எடுத்து ஆறு அடுக்கினாள். மணியை ஒருமுறை ஆட்டினாள். பொம்மையைப் படுக்கவைத்துத் துணி போர்த்தினாள். படப் புத்தகத்தைப் புரட்டி நாயைத் தொட்டாள், பந்தைத் தொட்டாள், கப்பைத் தொட்டாள். எல்லாம் எங்கள் படிவத்தில் இருக்கிற அதே வரிசை. முடித்ததும் எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு மூடி, நர்ஸ் பக்கம் தள்ளிவைத்தாள். நர்ஸ் அவசரமாக டிக் அடித்துக்கொண்டே போனாள்.

அதிகாரி அறையின் கடைசியில் இருந்தார். நர்ஸ் கேட்டு, பிள்ளை செய்கிறாள் என்று நினைத்துவிட்டார். நாலு வருட மதிப்பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படிப்படியாக ஏறியிருந்தது. அருமையான முன்னேற்றம், இதைத்தான் எதிர்பார்த்தோம் என்றார். மேனேஜரின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நாலு வருடமாக ஏறியது எது? நாங்கள் கற்றுக்கொடுத்தது ஒன்றும் இல்லை. பிள்ளை பரிசோதனையை மனப்பாடம் செய்திருக்கிறாள், அவ்வளவுதான். நானும் அதைச் சதவீதமாக்கி வருடா வருடம் அனுப்பியிருக்கிறேன்.

அதிகாரி பேனாவைத் திறந்து, இந்தக் குழந்தைக்குச் சிகிச்சை கொடுப்பது யார், அவர் பெயரையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டு என்னைக் காட்டினாள்.

என்னிடம் வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியாதா? இவள் என் பட்டியலில் இல்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட், “மேனேஜரா? அவள நீங்கதானே பாக்கறீங்க?” என்றார். சிகிச்சைப் பதிவேட்டைப் புரட்டினேன். நாலு வருடத்தில் ஒரு பக்கத்திலும் அவள் பெயர் இல்லை. பயிற்சிப் பதிவேட்டில் மாதம் தவறாமல் இருந்தது. மாதாமாதம் இங்கேயே பார்க்கிற பிள்ளைதானே, யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பார் என்று எல்லோரும் நினைத்திருக்கிறோம். நானும்தான். வெட்கமாக இருந்தது.

திரும்பி நடக்கும்போது, என் பெயரையே சொல்லிவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. நாளையிலிருந்து சிகிச்சையைத் தொடங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அம்மாவே சாட்சி. நிதியும் தப்பும். ஆனால் அறைக்குள் நுழைந்தபோது அந்தப் பொய்யையும் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

“யாரும் பாக்கல சார். இவளுக்கு நாங்க சிகிச்சையே கொடுக்கல. பழகறதுக்குத்தான் வச்சிருந்தோம். அந்த மார்க்கெல்லாம் மனப்பாடம்.”

அதிகாரி நர்ஸைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, தான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள். அவர் பேனாவை மூடவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். எழுதுங்கள் என்றேன். நீட்டிப்பு கிடைக்காது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மேனேஜரின் அம்மா எழுந்து வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அப்போ இவ்வளவு நாளா இங்க பாத்தது வைத்தியம் இல்லையா மேடம்?”

“இல்லம்மா.”

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பக்கத்து வீட்ல எத்தனையோ டாக்டர் பேரு சொன்னாங்க. இங்க பெரிய ஆஸ்பத்திரியிலயே மாசாமாசம் கூப்பிட்டுப் பாக்கறாங்கன்னு நான்தான் மேடம் எங்கயும் கூட்டிட்டுப் போகல.”