கிடாயின் நெஞ்சில் காவி

குனிந்தால் இடுப்பு இன்றைக்கும் பிடித்துக்கொள்கிறது. கிடாயைத் தூக்கிப் பிடித்து நெஞ்சில் காவி பூசிய இடுப்பு. காவிப் பொடியை எண்ணெயில் குழைத்து அப்பிவிடுவோம். எந்தப் பெட்டையாட்டின் மேல் ஏறினாலும் அதன் பின்புறம் சிவந்துவிடும். காலையில் கொட்டகையைத் திறந்ததும் அக்கா முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

அந்த வருடம் இருபது நாளாகியும் ஒன்றுகூடச் சிவக்கவில்லை. குட்டி இல்லையென்றால் நாற்பது ஆட்டையும் கசாப்புக்குக் கொடுத்துவிட்டு அக்கா வெளியூர் ஆலைக்குப் போவதாக இருந்தாள். அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இரண்டே பேர், ஒரே போர்வை.

ரோமம் வெட்ட வந்த கத்தரிக்காரர் ஒரு பெட்டையின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"எலும்பு தட்டுதேம்மா. இதுக்கு எங்க பருவம் வரும்? சோளம் போடலையா?"

"தினம் ரெண்டு வாளி அளந்து குடுக்கிறேனே," என்றாள் அக்கா.

வாளிகளைத் தூக்கிப் போனவள் நான். பாதிக்கு மேல் கிடாய்க்குத்தான் கொட்டினேன். உழைக்கிறவன் அவன்தானே என்று நினைப்பு. மாப்பிள்ளை என்று செல்லப்பேர் வேறு. அவனோ கொழுத்துப்போய், மூலையில் படுத்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தான்.

சொல்லிவிட்டேன்.

"அடிப்பாவி!" அக்கா வாளியை என் மேல் வீசினாள்.

கத்தரிக்காரர் சிரித்துவிட்டார். "விடும்மா. மாப்பிள்ளைக்கு விருந்து போட்டே படுக்க வெச்சுட்டா. பெட்டைங்களுக்கு மூணு வாரம் நல்லாப் போடு. அப்புறம் என் கிடாயைக் கொண்டாறேன். ஒல்லிதான், ஆனா நடந்து முறுக்கேறின உடம்பு. முதல்ல பொறக்கிற பெட்டைக்குட்டி எனக்கு."

அவர் கிடாய் வந்த அன்று பெட்டைகள் மாப்பிள்ளையைத் தாண்டிக்கொண்டு ஓடி, கம்பித் தடுப்பில் மூக்கை வைத்து முட்டின.

"பாருடி, வயிறு நெறஞ்சதும் ஆள் பார்த்துப் பொறுக்குறாளுங்க," என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பத்து நாளில் கொட்டகை முழுக்கச் சிவப்பு. அவள் ஆலைக்குப் போகவில்லை.

முதல் பெட்டைக்குட்டி பால் மறந்ததும், "நல்ல குட்டிடி, அடுத்த ஈத்துல குடுப்போம்," என்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஈற்றுக்குள் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். எங்கே போனாரென்று யாருக்கும் தெரியவில்லை.

கத்தரிக்காரருக்கு நாங்கள் ஒரு பெட்டைக்குட்டி கொடுக்க வேண்டும்.