சீர் லாரியில் போன எஞ்சின்

சேவூர் கிட்டுசாமிக் கவுண்டரின் கார் 1958ஆம் வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் எஞ்சின் இல்லாமல் ஓட ஆரம்பித்தது. அந்த வருடம் மழை தாமதம், நூல் விலை கொஞ்சம் ஏறியிருந்தது. கார் அப்போது திருப்பூர் மண்ணரையில், பனியன் கம்பெனி பிட்டர் தண்டாயுதபாணியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சினும் அதே கொட்டகையில்தான் இருந்தது. மரப் பெஞ்சின் மேல் துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தது.

தண்டாயுதபாணி பகலில் கம்பெனியில் துணி பின்னும் மிசின்களைப் பார்த்துக்கொள்வார். ஓடுகிற மிசின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு எந்த ஊசி வளைந்திருக்கிறது என்று சொல்வார். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக் கொட்டகை வேலை. பம்பு செட், பிரஷர் ஸ்டவ், தையல் மிசின் எல்லாம் அங்கே ரிப்பேருக்கு வரும். கார் வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு காளைகள் அதை இழுத்து வந்தன. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு எஸ்டேட் துரையிடம் கவுண்டரின் அப்பா வாங்கிய கார். மூக்கில் இருந்த பெயர்த் தகடு தேய்ந்து வழவழப்பாகிவிட்டதால் அது எந்தக் கம்பெனிக் கார் என்று யாருக்கும் தெரியாது. பல வருடங்கள் மாட்டுக் கொட்டகையில் நின்றதில் பிஸ்டன்கள் இறுகிப் போயிருந்தன.

கவுண்டரின் மகள் நல்லம்மாளுக்கு முதலில் பேசிய சம்பந்தம், நிச்சயத்துக்குப் போன வழியில் மாட்டுவண்டியின் அச்சு முறிந்ததால் நின்று போயிருந்தது. சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு வெகுநாள் யாரும் பெண் கேட்டு வரவில்லை. இப்போது ஊத்துக்குளியில் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. தையில் கல்யாணம். இந்தத் தடவையும் பெண் போகிற வண்டி வழியில் நின்றால், அந்தப் பேச்சை அவள் ஆயுசு முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும்.

"பிட்டரே, புள்ள இந்தக் காருலதான் போகோணும். நடுவுல நிக்கப்படாது" என்றார் கவுண்டர்.

"நிக்காதுங்க" என்றார் தண்டாயுதபாணி.

எஞ்சினைச் சங்கிலிக் கப்பி போட்டு இறக்கிப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி முடித்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. அவர் மனைவி அமராவதி சுத்தியல், அரம், ஸ்பேனர், பெஞ்சில் கிடந்த பிஸ்டன்கள், உள்ளே காலியாக இருந்த கார் எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை போட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூஜையில் வைத்தவற்றை அன்று தொடக்கூடாது. மறுநாள் காலையில் ஒவ்வொன்றையும் பேருக்கு ஒரு தடவை இயக்கிவிட வேண்டும். தண்டாயுதபாணி சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார், அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். அமராவதி காரைக் காட்டினார்.

"இதுக்கும்தானுங்க பொட்டு வெச்சோம்."

"உள்ள ஒண்ணுமே இல்ல அம்மிணி. எதைப் போயி இயக்கறது?"

"பேருக்குத்தானுங்க. ஒரு சுத்து சுத்தி வெச்சா ஆச்சு."

அமராவதியே ஹேண்டிலை எடுத்து ரேடியேட்டருக்குக் கீழே இருந்த துளையில் விட்டுச் சுற்றினார். மாட்டிக்கொள்ள உள்ளே எதுவும் இல்லாததால் ஹேண்டில் லொடலொடவென்று ஆடியது. இரண்டாவது சுற்றில் கார் ஸ்டார்ட் ஆனது.

தண்டாயுதபாணி பானெட்டைத் திறந்து பார்த்தார். கொட்டகையின் மண்தரை தெரிந்தது. கையை உள்ளே விட்டார். சூடாக இருந்தது. பேன் சுற்றுகிற மாதிரி காற்றும் அடித்தது. பெட்ரோல் குழாயின் வாயில் அவரே அடைத்திருந்த துணி அப்படியே காய்ந்து இருந்தது, ஆனால் டாங்கில் பெட்ரோல் குறைந்துகொண்டு வந்தது. அவர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பொட்டு வைத்த பிஸ்டன்கள் வரிசையாக அங்கேயேதான் இருந்தன. "ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டு அமராவதி இட்லிக்கு அடுப்பு மூட்டப் போய்விட்டார்.

தெருவில் இருந்தவர்கள் வந்து பார்த்தார்கள். யாரும் அதிக நேரம் நிற்கவில்லை, கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது. ஊத்துக்குளியிலிருந்து வெண்ணெய் ஏற்றி வரும் லாரியின் டிரைவர் வெள்ளியங்கிரி மட்டும் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணா, கேலனுக்கு எத்தன மைல் குடுக்குது?"

தண்டாயுதபாணி எஞ்சின் வேலையை விடவில்லை. ரிங் மாற்றினார், பேரிங் வார்த்துப் போட்டார், எல்லாவற்றையும் பூட்டி ஒரு மரச் சட்டத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார். அருமையாக ஓடியது. அதைத் தூக்கிக் காருக்குள் வைத்துப் பூட்டினார். கார் ஸ்டார்ட் ஆகவில்லை. வெளியே எடுத்தார். கார் ஓடியது, சட்டத்தில் வைத்தால் எஞ்சினும் ஓடியது. மார்கழி முழுக்க இதையே திரும்பத் திரும்பச் செய்தார். எஞ்சினில் கோளாறு இல்லை, காரில் கோளாறு இல்லை, இரண்டும் சேர்ந்தால் ஓடவில்லை. இதில் எதை ரிப்பேர் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவருக்குக் குழப்பம் வந்த பிறகு அது காரோடு நிற்கவில்லை. கம்பெனியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிசின்களை நிறுத்தி, மூடியைக் கழற்றி, உள்ளே ஊசிகள் இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன. இருப்பதால்தான் துணி வருகிறதா, இல்லாவிட்டாலும் வந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு காலம் தான் சரி செய்ததாக நினைத்தவையெல்லாம் தன் கையால்தான் ஓடினவா என்று சந்தேகம் வந்தது. சாப்பிடும்போது சோற்றுப் பானையைச் சாய்த்து அடியைப் பார்த்தார். கிருத்திகையன்று முருகன் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டார். வெள்ளைப் பூ வந்தால் எஞ்சினை மாட்டுவது, சிவப்புப் பூ வந்தால் விட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டார். பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் பூவே இல்லை. இன்னொரு பொட்டலத்தையும் பிரித்தார்கள். அதிலும் இல்லை. தன் கையால்தான் வைத்துக் கட்டினேன் என்று பூசாரி சத்தியம் செய்தார்.

பொங்கல் கழிந்ததும் கவுண்டர் வந்தார். தண்டாயுதபாணி ஒன்றையும் மறைக்காமல் பானெட்டைத் திறந்து காட்டினார்.

"ஓடுதுங்களா?" என்று கவுண்டர் கேட்டார்.

"ஓடுதுங்க. ஏன் ஓடுதுன்னுதான் தெரியலீங்க."

"எங்கூட்டு எருமை ஏன் பால் குடுக்குதுன்னு எனக்கும்தான் தெரியாது. கறக்காமயா உட்டுட்டன்?"

"நிக்காதுன்னு சொன்னனுங்க. இப்ப அந்த வார்த்தையைச் சொல்ல முடியலீங்க. வேற காரு பாத்துக்குங்க."

"முகூர்த்த நாள்ல எவன் காரு குடுப்பான்?" என்று சொல்லிவிட்டுக் கவுண்டர் ஏறி உட்கார்ந்து, மண்ணரை முழுக்க ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு ஒரே ஒரு குறைதான். முன்பக்கம் பாரம் இல்லாததால் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, முயலாட்டம். அதற்கு எஞ்சின் இருந்த இடத்தில் இரண்டு மூட்டை பருத்திக்கொட்டையை வைத்தார்கள். சரியாகிவிட்டது. தண்டாயுதபாணி ஒன்று மட்டும் கேட்டார். சீர் ஏற்றிப் போகும் லாரியில் எஞ்சினும் பின்னாலேயே வர வேண்டும்.

"அதைப் போட்டா ஓடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தண்டாயுதபாணி "இருக்கட்டுமுங்க" என்றார்.

கல்யாணம் சேவூரில் நடந்தது. அன்றே மதியம், நல்ல நேரம் முடிவதற்குள் பெண் ஊத்துக்குளியில் கால் வைக்க வேண்டும். கவுண்டர் காரை ஓட்டினார், பக்கத்தில் மாப்பிள்ளை. பின்னால் நல்லம்மாள், அழைத்துப் போக வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா கருப்பாத்தாள், துணைக்கு அமராவதி. தண்டாயுதபாணி காரில் ஏற மறுத்துவிட்டார். வெள்ளியங்கிரியின் லாரியில் முன்னால் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, காரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். லாரியின் பின்பக்கம் அண்டா, குத்துவிளக்கு, கட்டில், பீரோ, எஞ்சின்.

அவிநாசி தாண்டியது, திருப்பூர் தாண்டியது. ஊத்துக்குளிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது சத்தம் விட்டு விட்டு வந்தது. கார் இருமியது, குலுங்கியது, பிறகு மனிதர் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது.

"வண்டி நிக்கறாப்பல இருக்குதே?" என்றார் கருப்பாத்தாள்.

"நிக்கலீங்க. நெதானமாப் போகுதுங்க" என்றார் அமராவதி. நல்லம்மாள் மடியில் இருந்த தேங்காயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தண்டாயுதபாணி லாரியிலிருந்து குதித்து ஓடினார். "பிட்டரண்ணா, எஞ்சினை எறக்கட்டுமா?" என்று வெள்ளியங்கிரி பின்னாலிருந்து கத்தினான். எஞ்சின் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அதை மாட்டினால் கார் இங்கேயே நின்றுவிடும். மாட்டாவிட்டால் இன்னும் சிறிது தூரத்தில் நின்றுவிடும். அவர் காரோடு சேர்ந்து நடந்தார். ஒரு கையில் ஸ்பேனர் இருந்தது. அதை எதற்கு எடுத்து வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. சரி செய்வதற்கு உள்ளே பருத்திக்கொட்டையைத் தவிர எதுவும் இல்லை.

அமராவதி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்னுங்க பாத்துட்டு வர்றீங்க? பனியன் மிசினுக்குக் கேக்கற காது இதுக்குக் கேக்காதுங்களா?"

அவர் புட்போர்டில் ஏறி நின்றார். பானெட்டின் பக்கவாட்டு மூடியைத் தூக்கி மூட்டையைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு அடி கேட்க வேண்டிய இடத்தில் மூன்று கேட்டது. மூன்றாவது சிலிண்டர் அடிக்கவில்லை. பிளக்கில் கரி பிடித்திருக்கும். கண்ணைத் திறக்காமல், மூன்றாவது பிளக் எங்கே இருந்திருக்குமோ அந்த உயரத்தில் ஸ்பேனரைக் கொண்டுபோனார்.

ஸ்பேனர் பிடித்தது.

திருகினார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, பிறகு இளகி வந்தது. மற்ற மூன்றும் அடித்துக்கொண்டிருந்ததால் கார் நிற்காமல் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் உள்ளங்கையில் எதுவும் தெரியவில்லை. ஆனால் பாரம் இருந்தது, விரல் சுட்டது. வேட்டி நுனியால் துடைத்தார். வேட்டி கறுப்பானது. ஊதினார், இடைவெளியை நகத்தால் பார்த்தார்.

"அவரு என்ன பண்றாரு அங்க?" என்று கருப்பாத்தாள் கேட்டார்.

"எல்லை தாண்டறமில்லீங்க, பூசை போடறாருங்க" என்றார் அமராவதி.

"அதுவும் செரிதான்" என்று கருப்பாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிளக்கைத் திரும்ப முடுக்கியதும் சத்தம் நிறைந்து வந்தது. கவுண்டர் வேகத்தைக் கூட்டினார். தண்டாயுதபாணி புட்போர்டிலேயே நின்றுகொண்டு ஊத்துக்குளி வரை போனார். நல்ல நேரத்துக்குள் நல்லம்மாள் இறங்கி, ஆரத்தி எடுத்ததும் உள்ளே போனாள். வண்டி வழியில் நின்றது என்று அன்றும் பிறகும் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அது நிற்கவில்லை. தண்டாயுதபாணியின் ஆள்காட்டி விரலில் இருந்த கொப்புளம் உடைந்து ஆற ஒரு வாரம் ஆனது.

அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் லாரியிலிருந்து சீரை இறக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் பீரோவுக்கும் எஞ்சினுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து வீட்டுக்குள் எடுத்துப் போயிருந்தார்கள். பீரோவும் எஞ்சினும் ஒரே சீரில் வருவது இதுவரை இல்லாத வழக்கம் என்று கருப்பாத்தாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சீராக உள்ளே போனதைத் திருப்பிக் கேட்க முடியாது. "போகட்டும் உடுங்க பிட்டரே" என்றார் கவுண்டர். தண்டாயுதபாணி வாசலில் நின்று, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த எஞ்சினை ஒரு தடவை பார்த்தார். பிறகு போய்க் காரின் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை பிற்பாடு அந்த எஞ்சினுக்கு ஒரு பெல்ட் போட்டு வெண்ணெய் கடையும் மத்தோடு சேர்த்தார். அது அங்கே நல்லபடியாக உழைத்தது.

கார் வருடத்துக்கு ஒருமுறை மண்ணரைக்கு வரும். தண்டாயுதபாணி ஆயில் மாற்றி, வால்வு அட்ஜஸ்ட் செய்து அனுப்புவார். எந்த ஸ்பேனர் எந்த இடத்துக்கு என்று அவருக்குப் பழகிவிட்டது. அது ஏன் ஓடுகிறது என்பது மட்டும் கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. கேட்பவர்களிடம் தெரியாது என்றே சொன்னார். 1971இல் புகை அதிகமானது, ரிங் தேய்ந்திருந்தது. கப்பியை மாட்டி இழுத்தார். சங்கிலி விறைத்து, பாரத்தில் மெல்ல ஆடியது. இறக்கிப் பிரித்து, தரையில் விரித்த கோணிச்சாக்கில் ஒவ்வொன்றாக வைத்து மண்ணெண்ணெயில் கழுவினார். மண்ணெண்ணெய் கறுத்தது. அந்த வாரம் ஸ்டவ்வும் தையல் மிசினும் கொண்டுவந்தவர்கள் வாசலில் தயங்கி நின்று, காலியாகத் தெரிந்த சாக்கில் என்ன என்று கேட்டார்கள். சேவூர்க் கார் எஞ்சின் என்றார். அவர்கள் வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் மிதித்துவிடாமல் சுவர் ஓரமாகச் சுற்றி வந்தார்கள்.